கணிப்பொறி ஏன் கண் விழிக்கவில்லை?

சென்ற கோடை விடுமுறை முடியும் தறுவாயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பக்கத்து வீட்டு மாணவன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்ல இருப்பவன். முகம் வாடியிருந்தது.

"சார், எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்ப மாட்டேங்குது. கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்னு சொல்றார். பண்ணிடட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அவனுடைய தாயார் வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலை செய்து கொடுப்பவர். எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சுற்று வட்டாரத்து ஏரி, குளம், கால்வாய்களின் பெயர்களையும் அவற்றைப் பற்றி முதியவர்கள் சொன்ன செய்திகளையும் பல ஆண்டுகளாக நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். அவற்றில் 140 பக்கங்களை அந்த அம்மையார் தட்டச்சு செய்து முடித்திருந்தார். இதற்கிடையே மழையில் ஆசிரியர் வீட்டுக் கூரை ஒழுகி, நோட்டுகளில் சில ஊறிப் போய்விட்டன. ஆக, அந்தப் பக்கங்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அது அந்தக் கணிப்பொறியின் வன்தட்டில் இருக்கிறது. 'ஃபார்மட்' செய்வது என்றால் வன்தட்டை வெறும் பலகையாக்கி, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவது என்று பொருள். கோளாறு எங்கே என்று தெரியாமல் அதைச் செய்யலாமா?

மல்டிமீட்டரையும் ஒரு திருப்புளியையும் எடுத்துக்கொண்டு அவனுடன் போனேன்.

முதலில் கேள்வி, பிறகு திருப்புளி

நல்ல மருத்துவர் நாடியைப் பிடிக்கும் முன்பே நாலு கேள்வி கேட்டுவிடுவார். நானும் கேட்டேன். கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது? அதற்குப் பிறகு என்ன நடந்தது?

குடும்பத்தோடு பத்து நாட்கள் பாட்டி ஊருக்குப் போயிருந்தார்களாம். போகும்போது வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து கணிப்பொறியைப் போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு ஆங்கில வரி. துவக்குவதற்கான தட்டு எதுவும் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். மறுநாள் கடைக்காரரிடம் கேட்டான். ஃபார்மட் என்ற பதில் வந்தது.

"அப்புறம்?"

சற்றுத் தயங்கினான். "தூசியாக இருக்குமோன்னு நானே பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் துடைச்சேன் சார். அதுக்கப்புறம் அந்த வரிகூட வரல. மின்விசிறி ஓடுது, பீப் பீப்னு சத்தம் மட்டும் வருது."

இந்தத் தயக்கம் கலந்த பதிலில்தான் பாதி விடை இருந்தது. வெள்ளிக்கிழமை இருந்த நோய் வேறு, சனிக்கிழமை வந்த நோய் வேறு! இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் விடிய விடிய உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏன் என்று அறிய, பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் படம் வரும்வரை என்னென்ன நடக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சில நொடிகளில் நடக்கும் நாடகம்

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். கணிப்பொறிக்குள் இருக்கும் சில்லுகளுக்கு வேண்டியதோ குறைந்த மின்னழுத்தமுள்ள நேர்மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்யும் தகரப் பெட்டியைத்தான் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்கிறார்கள். 1995-இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறைப்படி இது 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தருகிறது. கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் சுவர்ச் சுவிட்சு போட்டிருந்தால் ஒரு தனிக் கம்பியில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் முகப்புப் பொத்தானை அழுத்துவதைக் கவனிப்பதற்காக விழித்திருக்கும் காவல்காரன் அது. இந்தக் காவல்காரனை நினைவில் வையுங்கள், பின்னால் வருவான்.

பொத்தானை அழுத்தியதும் எஸ்.எம்.பி.எஸ். முழுமூச்சாக இயங்கத் தொடங்குகிறது. ஆனால் உடனே செயலி ஓடத் தொடங்கிவிடாது. மின்னழுத்தங்கள் எல்லாம் 5 சதவீதத்துக்கு மேல் பிசகாமல் நிலைபெற வேண்டும். நிலைபெற்ற பின், 0.1 முதல் 0.5 வினாடிக்குள் 'மின்சாரம் நன்று' என்று எஸ்.எம்.பி.எஸ். ஒரு குறிப்பை அனுப்பும். அதுவரை செயலி கட்டிப் போடப்பட்டிருக்கும். பழைய, தளர்ந்த எஸ்.எம்.பி.எஸ். உள்ள கணிப்பொறியில் மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் இருக்கிறது, ஆனால் போதுமான தரத்தில் இல்லை என்று பொருள்.

கட்டு அவிழ்ந்ததும் செயலி என்ன செய்யும்? அதற்குச் சொந்த புத்தி கிடையாது. நினைவகத்தில் உள்ள ஆணைகளை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றுவது மட்டுமே அதற்குத் தெரியும். நினைவகமோ மின்சாரம் போனதுமே எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆணைகளை வன்தட்டிலிருந்து கொண்டுவந்து நிரப்ப ஓர் ஆணைத்தொடர் வேண்டும். அந்த ஆணைத்தொடரைக் கொண்டுவர இன்னோர் ஆணைத்தொடர் வேண்டும். கோழி முதலா, முட்டை முதலா என்ற கதைதான். தன் காலணியின் பின்புற வாரைத் தானே பிடித்து இழுத்து ஒருவன் தன்னை மேலே தூக்கிக்கொள்ள முயல்வதைப் போன்றது என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. 'பூட்' என்று நாம் சொல்லும் சொல் அந்தக் காலணி வாரிலிருந்து வந்ததுதான்.

1975-இல் விற்பனைக்கு வந்த ஆல்ட்டேர் 8800 என்னும் கணிப்பொறியில் முதல் சில ஆணைகளை மனிதனே முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி உள்ளே செலுத்த வேண்டும். ஒரு சுவிட்சைத் தவறாகத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து! இன்று அந்த வேலையை, மின்சாரம் போனாலும் மறக்காத ஒரு சிறு சில்லு செய்கிறது. அதில் எழுதப்பட்டுள்ள ஆணைத்தொடரைப் பயாஸ் என்று வழங்குகிறோம். புதிய கணிப்பொறிகளில் அதன் வாரிசான யு.இ.எஃப்.ஐ. இருக்கிறது. இண்டெல் குடும்பச் செயலிகள் விழித்ததும் முதல் ஆணையைத் தேடிப் போகும் முகவரி எப்போதும் ஒன்றே: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 280. இரண்டின் 32-ஆம் அடுக்கிலிருந்து 16-ஐக் கழித்துப் பாருங்கள், இந்த எண் கிடைக்கும்.

பயாஸ் முதலில் தன் வீட்டைச் சோதிக்கிறது. நினைவகம் இருக்கிறதா? திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்கிறதா? விசைப்பலகை இருக்கிறதா? இந்தச் சோதனையின் தொடக்கத்தில் திரை இன்னும் உயிர் பெற்றிருக்காது. அப்போது ஏதாவது குறை தென்பட்டால் பயாஸ் அதை எப்படிச் சொல்லும்? அதனிடம் இருக்கும் ஒரே வாய், ஒரு சிறு ஒலிபெருக்கி. அதனால்தான் 'பீப்' ஒலி. எத்தனை ஒலி, நீளமா குறுக்கமா என்பதற்குப் பொருள் உண்டு. ஆனால் அந்தச் சங்கேதம் பயாஸ் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தாய்ப்பலகையுடன் வந்த கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். (கையேட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருப்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். நல்ல வேளையாக இந்த வீட்டில் அது இருந்தது.)

சோதனை முடிந்ததும் பயாஸ், தன் குறிப்பேட்டில் எழுதியுள்ள வரிசைப்படி வன்தட்டு, பென்டிரைவ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, துவக்க ஆணைகள் எதில் இருக்கின்றன என்று தேடும். பழைய முறையில் தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகள் ஒரு குறிப்பிட்ட அடையாளமாக இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கும். யு.இ.எஃப்.ஐ. முறையில் இந்த 512 பைட்டுக் கதை இல்லை. தட்டில் ஒரு தனிப் பகுதியில் துவக்கக் கோப்பு இருக்கும். இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. அதன் பிறகுதான் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க அமைப்பு மேடைக்கு வருகிறது.

ஆகவே கணிப்பொறி எந்தப் படியில் தடுக்கி விழுந்தது என்பதே முதல் கேள்வி. வெள்ளிக்கிழமை இரவு திரையில் ஒரு வரி வந்ததே, அது எவ்வளவு நல்ல செய்தி பாருங்கள்! எஸ்.எம்.பி.எஸ்., செயலி, நினைவகம், திரை யாவும் நலம், தட்டைத் தேடும் படியில்தான் தடை என்று அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. சனிக்கிழமை திரையே வராமல் பீப் ஒலி கேட்கிறது என்றால், பிரஷ் பட்டதில் கீழ்ப்படியில் புதிதாக ஏதோ நேர்ந்திருக்கிறது. கீழ்ப்படியைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும்.

தூசியும் நினைவகமும்

சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினோம். அதன்பின் முகப்புப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் ஓரளவு வடிந்துவிடும். பிறகு பெட்டியின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளச் சொன்னேன். நைலான் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி இவற்றில் உராய்ந்து நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டினால்தான் சுரீர் என்று நமக்கு உறைக்கும். சில்லுகள் அதைவிட மிகக் குறைந்த அழுத்தத்திலேயே கெட்டுப்போகக் கூடும். நமக்கு உறைக்காமலே அவை செத்துப்போகும்.

பெட்டியைத் திறந்ததும் பையன் ஆர்வத்தோடு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் திருகாணியில் திருப்புளியை வைத்தான். "இதற்குள்ளேயும் தூசி இருக்கும் சார்." நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதை நீங்களும் மனத்தில் கொள்ளுங்கள். 230 வோல்ட் என்பது சராசரி வகை அளவு. அதன் உச்ச அளவு காண √2-ஆல் பெருக்கினால் 325 வோல்ட் வரும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள பெரிய மின்தேக்கி அந்த அளவுக்கு மின்னேற்றம் பெறுகிறது. அது 330 மைக்ரோஃபாரட் உடையது என்று வைத்து, ½CV² சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 17 ஜூல் ஆற்றல். 1 கிலோகிராம் எடைக்கல்லைச் சுமார் 1.7 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றல் இது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அந்த ஆற்றல் உள்ளேயே தங்கியிருக்கலாம். விரல் வழியாக அது வெளியேறினால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். கெட்டிருந்தால் முழுதாக மாற்றிவிடுங்கள்.

தாய்ப்பலகையில் மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். சுமார் 1999 முதல் 2007 வரை வந்த பலகைகள் பலவற்றில், மின்பகு திரவத்தின் குறையால் மின்தேக்கிகள் வாயுவால் உப்பி வெடித்தன. இந்தப் பலகை பிற்காலத்தது. எல்லாத் தலைகளும் தட்டையாகவே இருந்தன.

கையேட்டைப் புரட்டினோம். விட்டு விட்டு வரும் நீண்ட ஒலிக்கு நினைவகத்தைக் கவனி என்று போட்டிருந்தது. நினைவகப் பட்டையைப் பார்த்தால், ஒரு முனையில் கவ்வி பொருந்தி இருந்தது. மறுமுனையில் இரண்டு மில்லிமீட்டர் எழும்பி நின்றது. பிரஷ்ஷின் வேலை! இந்த வகைப் பட்டையில் 240 தொடர்பு முனைகள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு தொடாவிட்டாலும் போதும், பயாஸ் கைவிரித்துவிடும்.

பட்டையை எடுத்து, முனைகளை மெல்லிய துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தோம். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அவசரத்துக்குப் பலன் தரும் வித்தைதான், ஆனால் அந்தத் தங்க முலாம் மிக மிக மெல்லியது. அடிக்கடி தேய்த்தால் முலாம் போய் உள்ளிருக்கும் உலோகம் களிம்பேறும். மறுபடி பொருத்தி, இரு கவ்விகளும் 'கிளிக்' என்று விழும்வரை அழுத்தினோம்.

மின்சாரம் கொடுத்தோம். ஒரே ஒரு குறுகிய ஒலி. திரையில் வெள்ளிக்கிழமை வந்த அதே வரி!

"திரும்பவும் அதேதான் சார்" என்று பையன் சோர்ந்தான். உண்மையில் அது நமக்கு வெற்றி. அவனாக உண்டாக்கிய நோய் தீர்ந்து, பழைய நோய் மட்டும் பாக்கி நிற்கிறது.

கடிகாரம் சொன்ன சாட்சி

இப்போது வன்தட்டு. அவனுடைய தாயார் கதவோரம் வந்து நின்றார். "சார், அந்த ஏரிப் பக்கங்கள் போயிடுச்சா?" என்று கேட்டார். "இன்னும் தெரியலை அம்மா, கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

பெட்டியின் அருகே காதை வைத்துக் கேட்டேன். இந்த வகை வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது வினாடிக்கு 120 சுற்று சுழலும். சீரான மெல்லிய ரீங்காரம் கேட்டது. தலைப்பகுதி கெட்ட தட்டானால் 'டிக், டிக்' என்று தட்டும் ஓசை வரும். அப்படி வந்தால் மேற்கொண்டு எதையும் முயலாமல் உடனே அணைத்துவிட வேண்டும். இங்கே அந்த ஓசை இல்லை.

அடுத்துப் பயாஸின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தோம். அங்கே வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் சரியாகப் பதிவாகியிருந்தன. அப்படியானால் தட்டு உயிரோடு இருக்கிறது, பயாஸுக்குத் தெரிந்தும் இருக்கிறது. ஆனாலும் அதிலிருந்து துவங்க மறுக்கிறது. ஏன்?

"சார், தேதியைப் பாருங்க!" என்று கூவினான் பையன். திரையின் மூலையில் 2013 ஜனவரி 1 என்று இருந்தது.

எனக்கு அப்போதே விடை தெரிந்துவிட்டது. கணிப்பொறி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பதும், இவ்வகைப் பலகைகளில் பயாஸின் குறிப்பேட்டைக் காப்பதும் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய பொத்தான் மின்கலம். சி.ஆர்.2032 என்பது அதன் பெயர். பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது. சி என்றால் லித்தியம் வகை, ஆர் என்றால் வட்ட வடிவம், விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். அது ஓட்டும் கடிகாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? இரண்டால் பதினைந்து முறை வகுத்துப் பாருங்கள், சரியாக 1 வரும். இரண்டால் வகுக்கும் சுற்றுகளை அமைப்பது மின்னணுவியலில் மிக எளிது.

மின்கலத்தைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். புதிதாக இருந்தால் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். 2.1 காட்டியது.

"ஆனால் ஊருக்குப் போகும் முன்பு நன்றாக ஓடியதே சார்?" என்றான் பையன். நல்ல கேள்வி. முன்பு சொன்ன காவல்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர்ச் சுவிட்சு போட்டிருக்கும்வரை அந்த 5 வோல்ட் கம்பியே கடிகாரத்துக்கும் குறிப்பேட்டுக்கும் உணவளிக்கும். மின்கலத்துக்கு வேலையே இல்லை. இந்த வீட்டில் சுவர்ச் சுவிட்சை அணைக்கும் வழக்கம் கிடையாது. மின்கலம் என்றோ தளர்ந்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. மெயின் சுவிட்சு அணைந்த பத்து நாட்களில் அதன் குட்டு வெளிப்பட்டது. பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பியது. தொழிற்சாலை அமைப்பில் யு.இ.எஃப்.ஐ. முறை மட்டும், இவர்கள் வன்தட்டோ பழைய முறையில் தயாரிக்கப்பட்டது. கடிதம் இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது, தபால்காரர் வேறு தெருவில் தேடுகிறார்!

தெருமுனைக் கைக்கடிகாரக் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் புதிய மின்கலம் கிடைத்தது. பொருத்தி, தேதியைத் திருத்தி, துவக்க முறையைப் பழைய முறைக்கு மாற்றி, மாற்றங்களைச் சேமித்து வெளியே வந்தோம். இருபது வினாடி யாரும் பேசவில்லை. பிறகு, அவன் தங்கை கோலம் போடும் படம் திரை முழுதும் மலர்ந்தது.

தாயார் உட்கார வந்தார். "முதலில் வேறொரு வேலை இருக்கிறது அம்மா" என்று சொல்லி, 140 பக்கங்களையும் ஒரு பென்டிரைவில் படியெடுத்தேன். இன்னொரு பிரதியை அந்த ஆசிரியரின் மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். மொத்தமே அரை நிமிட வேலை.

கடைசிப் படியில், அதாவது இயக்க அமைப்பிலேயே தடுக்கி விழும் கணிப்பொறிகளும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் திணறின. அவற்றில் ஒரு திருகாணிகூடப் பழுதில்லை. பாதுகாப்பு நிலை எனப்படும், மிகத் தேவையான பகுதிகளை மட்டும் ஏற்றும் முறையில் துவக்கி, அந்த ஒரு கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன. அப்படி நீக்க, பெரும்பாலும் ஒவ்வொரு கணிப்பொறியின் முன்பும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது! நம் வீட்டில் அந்தப் படி கெட்டிருந்தால், லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவிலிருந்து கணிப்பொறியைத் துவக்கி, வன்தட்டில் உள்ள கோப்புகளை வெளியே எடுத்திருக்கலாம். அப்போதும் ஃபார்மட் கடைசி வேலைதான்.

பழைய மின்கலத்தின் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, அந்தச் சிறுமியின் கைக்கு எட்டாமல் வைக்கச் சொன்னேன். தளர்ந்த மின்கலம்கூடக் குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும்.

புறப்படும்போது பையனிடம் ஒரு சோதனை கொடுத்தேன், நீங்களும் செய்து பார்க்கலாம். இணையத்திலிருந்து நேரம் திருத்திக்கொள்ளும் வசதியை நிறுத்திவிடுங்கள். கணிப்பொறிக் கடிகாரத்தைக் கைப்பேசி நேரத்தோடு வினாடி சுத்தமாக ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கம்பியைப் பிடுங்கி வையுங்கள். பிறகு மறுபடி ஒப்பிடுங்கள். படிகத்தின் அதிர்வெண் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் நாளொன்றுக்கு 1.7 வினாடி பிழை வர வேண்டும். தாயாருக்கு வேலை இருந்ததால், அவர் மறுபடி வெளியூர் போன வாரத்தில்தான் அவனால் இதைச் செய்ய முடிந்தது. ஏழு நாளில் 9 வினாடி மந்தம் என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்து வந்தான். பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்று அவனே கணக்கிட்டிருந்தான்; நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள்.